கணிப்பொறி திடீரென அணைவது ஏன்?

வானொலிப் பெட்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் ஒரு காலத்தில் நம் இல்லங்களில் இருந்த இடத்தை இன்று கணிப்பொறி பெற்றிருக்கிறது. பிள்ளைகளின் பாடங்கள், கல்லூரி விண்ணப்பங்கள், குடும்பத்தின் வரவு செலவு, மறைந்த பெரியோரின் நிழற்படங்கள் ஆகிய யாவும் அதனுள்ளே அடங்கிக் கிடக்கின்றன. அத்தகைய கருவி, யாரும் அணைக்காமலேயே வேலையின் நடுவில் அணைந்துபோனால், அதனால் வீட்டில் எழும் கலக்கம் சிறிதன்று.

அக்கலக்கத்தின் முதல் விளைவு, குற்றவாளியைத் தேடுவதாகும். “நீ ஓயாமல் விளையாடியதால்தான் கெட்டது” என்று தந்தை மகனைக் கடிந்துகொள்கிறார். “மலிவு என்று பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஆகும்” என்று மகன் முணுமுணுக்கிறான். இரண்டாவது விளைவு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்கு ஓடுவதாகும். இது கெட்டிருக்கலாம், அது கெட்டிருக்கலாம் என்று ஒவ்வோர் உறுப்பாக மாற்றப்படுகிறது; பணம் கரைகிறது. இறுதியில் மனம் சலித்துப் புதிய கணிப்பொறியையே வாங்கிவிடுகிறார்கள். அதுவும் ஒரு வாரத்தில் அணைந்துபோனால்தான், பழுது கணிப்பொறியில் இல்லை, சுவரிலிருக்கும் பிளக்கில் இருந்தது என்பது தெரிய வருகிறது.

இவ்விரண்டுக்கும் முன்னால் நாம் செய்யவேண்டிய செயல் ஒன்று உண்டு. அதற்குச் செலவு இல்லை. கணிப்பொறி எப்போது, எந்த நிலையில் அணைகிறது என்பதைக் கவனித்து எழுதி வைப்பதே அது. அணையும் நேரமே நோயின் பெயரைச் சொல்லும்.

அணைவது நோயா? தற்காப்பா?

திடீரென அணைவதைப் பலர் இயந்திரத்தின் மரணம் என்றே எண்ணி அஞ்சுகின்றனர். பெரும்பாலும் அது தற்காப்பேயாகும். கணிப்பொறிக்குள் மூன்று காவலர்கள் இருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம்.

முதற்காவல், செயலியினுள்ளேயே இருக்கும் வெப்ப உணர்வி. இன்றைய செயலிகளிற் பெரும்பாலானவை ஏறத்தாழ 90 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரையுள்ள ஓர் எல்லையைத் தொடும்போது முதலில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அப்படியும் வெப்பம் தணியாமல் மேலும் ஏறினால், கருகிப்போவதைக் காட்டிலும் நின்றுவிடுவதே மேல் என்று மின்சாரத்தைத் துண்டித்துவிடுகின்றன.

இரண்டாம் காவல், சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் கணிப்பொறிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தரும் பெட்டியாகும். நம் ஊர்க் கடைகளில் இதனை எஸ்.எம்.பி.எஸ். என்று அழைப்பர். இவ்வழுத்தங்கள் தம் அளவிலிருந்து பொதுவாக நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் விலகலாகாது. மிகையாக ஏறினாலோ, மின்னோட்டம் வரம்பு கடந்தாலோ அப்பெட்டி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

மூன்றாம் காவல், விண்டோஸ் முதலான இயங்குதளம். தொடர்ந்தால் கோப்புகள் கெடும் என்னும் அளவுக்கு ஒரு பிழை நேர்ந்தால் அது வேலையை நிறுத்தித் திரையில் அறிவிப்பொன்றைக் காட்டிவிட்டு மறுபடியும் தொடங்குகிறது.

ஆகவே நாம் கேட்கவேண்டியது, இம்மூவரில் யார் மணியடித்தார், ஏன் அடித்தார் என்பதே. மூவரில் எவரும் மணியடிக்காமல், வெளியிலிருந்து வரும் மின்சாரமே அறுந்துபோவதும் உண்டு.

முதல் வேலை: படியெடுத்தல்

ஆராய்ச்சியைத் தொடங்குமுன் ஒன்றைச் செய்துவிடவேண்டும். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டுரைகள், கணக்குகள், படங்கள் ஆகியவற்றை வெளியே ஒரு பென் டிரைவிலோ தனி ஹார்டு டிஸ்கிலோ படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் அறுந்தால், திறந்திருக்கும் கோப்பு சிதையக்கூடும். பலமுறை அறுந்தால் வட்டுக்கே தீங்கு நேரலாம். கெட்டுப்போன உறுப்பைக் காசு கொடுத்து வாங்கலாம். மறைந்த பாட்டியின் ஒரே படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

குறிப்பேடும் ஐந்து கேள்விகளும்

பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கணிப்பொறியின் அருகே வையுங்கள். அணையும்போதெல்லாம், யார் அப்போது அமர்ந்திருந்தாரோ அவர் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதட்டும்.

1. மணி என்ன? தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று?

2. அப்போது என்ன வேலை நடந்துகொண்டிருந்தது? தட்டச்சா, திரைப்படமா, விளையாட்டா?

3. எவ்வாறு அணைந்தது? முற்றிலும் இருண்டு அப்படியே கிடந்ததா? அணைந்து தானே மீண்டும் தொடங்கிற்றா? அல்லது திரை மட்டும் இருண்டு உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்ததா?

4. வீட்டில் அதே கணத்தில் வேறு என்ன நடந்தது? தண்ணீர் மோட்டார் போடப்பட்டதா? குளிர்ப்பெட்டி ஓடத் தொடங்கிற்றா? விளக்கு ஒரு முறை மங்கிற்றா?

5. மறுபடியும் போட்டபோது உடனே எழுந்ததா? சிறிது நேரம் சென்ற பின்னரே எழுந்ததா?

ஒரு வாரக் குறிப்புகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு புலப்படும். திரை மட்டும் இருண்டிருந்தால் அது அணைதலே அன்று. மானிட்டரையோ, அதன் கேபிளையோ, திரையைத் தூங்கச் செய்யும் அமைப்பையோதான் பார்க்கவேண்டும். மற்றவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

வெப்பத்தால் அணைவது

தொடங்கிக் கால் மணியோ அரை மணியோ சென்ற பின் அணைகிறது. கடினமான வேலையின்போதே அணைகிறது. பிற்பகலில் மிகுதியாகவும் அதிகாலையில் குறைவாகவும் அணைகிறது. உடனே போட்டால் எழுவதில்லை, அல்லது எழுந்து மீண்டும் விரைவிலேயே அணைகிறது. குறிப்பேடு இவ்வாறு சொல்லுமானால் வெப்பத்தின் மீதே ஐயம் கொள்ளலாம்.

சி.பி.யு. என்று நாம் பேச்சில் அழைக்கும் அப்பெட்டிக்குள், செயலியின் மேல் உலோகத் தகடுகளாலான ஹீட் ஸிங்க் ஒன்றும் அதன்மேல் சிறு மின்விசிறி ஒன்றும் இருக்கும். தகடுகளின் இடையே தூசி கம்பளம்போல் படிந்துவிட்டால் காற்றுப் புகாது. தரையில் வைக்கப்பட்ட பெட்டி, வீடு கூட்டும்போதெல்லாம் எழும் தூசியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இவையன்றிச் செயலிக்கும் தகட்டுக்கும் இடையே பூசப்படும் தெர்மல் பேஸ்ட் என்னும் பசையும் சில ஆண்டுகளில் காய்ந்து தன் பணியை மறந்துவிடுகிறது.

இதனை அறிய எளிய சோதனையொன்று உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். பின்னர் மேசை மின்விசிறி ஒன்றை அதனை நோக்கி ஓடவிட்டு, வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். இச்சோதனை நடக்கும்போது சிறு பிள்ளைகளை அருகில் விடலாகாது. முன்பு அரை மணியில் அணைந்தது இப்போது மூன்று மணி நேரம் அணையாமல் இருந்தால், காரணம் வெப்பமே என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம்.

அப்படியாயின் பெட்டியைத் திண்ணைக்கோ முற்றத்துக்கோ எடுத்துச் சென்று, மென்மையான தூரிகையாலும் காற்றூதியாலும் தூசியை நீக்குங்கள். ஊதும்போது மின்விசிறியின் இதழ்களை ஒரு விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. காற்றின் வேகத்தில் அவை அளவுக்கு மேல் சுழன்று கெடலாம். ஈரத் துணி கூடவே கூடாது. பல்லி, எறும்புக் கூடு முதலியன உள்ளே குடியிருப்பதும் நம் நாட்டில் அரிதன்று. பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் ஓரடி தள்ளி, தரைக்கு மேலே ஒரு பலகையில் வையுங்கள். துணி போட்டு மூடும் வழக்கம் உள்ளவர்கள், ஓடும்போது அத்துணியை முற்றிலும் எடுத்துவிட வேண்டும்.

மின்சாரத்தால் அணைவது

நேரத்துக்கு ஒழுங்கே இல்லை. ஆனால் மோட்டார், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி முதலியன இயங்கத் தொடங்கும் கணத்தோடு ஒத்துப்போகிறது. அணைந்தவுடன் தானே மீண்டும் தொடங்குகிறது. இத்தகைய குறிப்பு இருந்தால் கணிப்பொறியை விட்டுவிட்டு வீட்டின் மின்சாரத்தைப் பாருங்கள்.

நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று வீதம் வருகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லிவினாடி. மின்சாரம் முற்றிலும் அறுந்தால், நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று தன் சேமிப்பைக்கொண்டு முழுச் சுமையில் ஏறத்தாழ 16 அல்லது 17 மில்லிவினாடி வரையே கணிப்பொறியைத் தாங்கும். அதாவது ஒரே ஒரு சுற்று தவறினாலும் கணிப்பொறி விழக்கூடும். விளக்கு இமைத்ததை நம் கண் காணுமுன்னரே அது விழுந்துவிடுகிறது. “கரண்ட் போகவே இல்லையே, இது மட்டும் ஏன் அணைந்தது?” என்று வியப்பவர்களுக்கு விடை இதுதான்.

எனவே முதலில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். அது தளர்ந்து ஆடுகிறதா, சூடாக இருக்கிறதா, அதன் ஓரம் பழுப்பேறியிருக்கிறதா? ஆம் எனில் உடனே சுவிட்சை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்கவேண்டும். அது கணிப்பொறியைப் பற்றிய கவலையன்று, தீ விபத்தைப் பற்றிய கவலையாகும். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கணிப்பொறியையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துச் செருகும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். எர்த் இணைப்பு உண்மையிலேயே உள்ளதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று துளை இருப்பதனாலேயே மூன்றாம் துளையில் கம்பி இருக்கிறதென்று பொருளன்று. கணிப்பொறியின் உலோகப் பெட்டியைத் தொட்டால் ‘சுர்’ரென்று கை கூசினால் எர்த் சரியில்லை என்று அறிக.

யு.பி.எஸ். உள்ள வீடுகளில் அதுவே குற்றவாளியாக இருப்பதுண்டு. வீட்டுக்கு வாங்கப்படும் சிறிய யு.பி.எஸ். பெட்டியில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள மின்கலம் ஒன்று இருக்கும். அதன் ஆயுள் பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டு. அறையின் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் இவ்வகை மின்கலத்தின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழில் அறிந்தோர் கொள்ளும் கணக்கு. நம் கோடையை எண்ணிப் பாருங்கள்! செத்த மின்கலத்தையுடைய யு.பி.எஸ்., மின்சாரம் சிறிது தடுமாறினாலும் கைகொடுக்க முயன்று, தானும் விழுந்து கணிப்பொறியையும் வீழ்த்துகிறது. ஒருநாள் யு.பி.எஸ்.ஸை விலக்கிக் கணிப்பொறியை நேரே சுவரில் செருகிப் பாருங்கள். அணைவது நின்றுவிட்டால் மாற்றவேண்டியது மின்கலமேயன்றிக் கணிப்பொறியன்று. லேசர் அச்சுப்பொறியை ஒருபோதும் சிறிய யு.பி.எஸ்.ஸில் செருகலாகாது, அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது.

வீடு முழுமைக்கும் இன்வெர்ட்டர் வைத்திருப்போர் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். பல இன்வெர்ட்டர்களில் ‘நார்மல்’, ‘யு.பி.எஸ்.’ என்று இருநிலைச் சுவிட்சு ஒன்று உண்டு. நார்மல் நிலையில் மின்சாரத்திலிருந்து மின்கலத்துக்கு மாறும் வேகம் குறைவு. விளக்கும் மின்விசிறியும் அதனைப் பொருட்படுத்தா, கணிப்பொறி பொறுக்காது. மின்வெட்டின்போதே அணைகிறது என்றால் அச்சுவிட்சை யு.பி.எஸ். நிலைக்கு மாற்றுவதே போதிய மருந்தாகலாம்.

எஸ்.எம்.பி.எஸ். நோயுற்றால்

வெப்பம் இல்லை, சுவரிலும் குறையில்லை, ஆயினும் கடினமான வேலை தொடங்கியவுடனே ‘டக்’கென்று அணைகிறது. சுவர்ச் சுவிட்சை நிறுத்திச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் எழுகிறது. இவை எஸ்.எம்.பி.எஸ். தளர்ந்ததன் அடையாளங்கள். பின்னால் சேர்த்த பெரிய வரைகலை அட்டைக்குப் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஆற்றல் போதாமையும் காரணமாகலாம்.

இதன் உள்ளேயும் மதர்போர்டிலும் மின்தேக்கிகள் என்னும் சிறு உருளைகள் இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் உற்பத்தியான மின்தேக்கிகளிற் பல, உள்ளிருக்கும் கரைசலின் குறையினால் வீங்கி வெடித்து, உலகெங்கும் எண்ணற்ற கணிப்பொறிகளைக் கெடுத்தன. அவ்வளவு பரவலாக இல்லையெனினும், வயதான மின்தேக்கி இன்றும் அவ்வாறே வீங்குகிறது. மதர்போர்டில் அவ்வுருளைகளின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ, பழுப்பு நீர் கசிந்திருந்தாலோ, காரணத்தைக் கண்ணாலேயே கண்டுவிட்டீர்கள்.

ஆனால் ஒன்றை வற்புறுத்திச் சொல்லவேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை வீட்டில் எவரும் திறக்கலாகாது. அதன் பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரம் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் சில நேரம் அது உயிரோடிருக்கும். ஆர்வமுள்ள பையன்களின் உயிருக்கு இஃது உலை வைக்கும். அதனைத் திறந்து பழுதுபார்ப்பதினும், நல்ல தரமுள்ள புதியதை மாற்றிவிடுவதே அறிவுடைமை.

மென்பொருளால் அணைவது

அணைவதன்று, தானே மறுதொடக்கமாகிறது. அதற்கு முன் நீலத் திரையொன்று மின்னி மறைகிறது. இங்கே மணியடித்தவர் இயங்குதளமே. (விண்டோஸ் 11-இல் 2025-ஆம் ஆண்டின் மாற்றத்துக்குப் பின் அது கருந்திரையாகத் தோன்றும்.) அதிலுள்ள குறியீட்டைப் படிக்க முடியாதபடி விரைந்து மறைந்தால், விண்டோஸின் மேம்பட்ட சிஸ்டம் அமைப்புகளில் ‘ஸ்டார்ட்அப் அண்டு ரெக்கவரி’ என்னும் பகுதிக்குச் சென்று, தானாக மறுதொடக்கம் செய்க என்னும் குறியை நீக்கிவிடுங்கள். அடுத்த முறை திரை நின்று காத்திருக்கும். குறியீட்டைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

விண்டோஸ் தானும் ஒரு நாட்குறிப்பு எழுதி வருகிறது. அதன் பெயர் ‘ஈவென்ட் வியூவர்’. அதில் சிஸ்டம் பகுதியில் ‘கெர்னல் பவர் 41’ என்னும் பதிவு இருந்தால், முறைப்படி மூடப்படாமல் கணிப்பொறி நின்றது என்று மட்டுமே பொருள். பலர் அதனையே நோயின் பெயர் என்று கொண்டு ஏமாறுகின்றனர். அப்பதிவோடு பிழைக் குறியீடு எதுவும் இல்லையென்றால், மின்சாரம், வெப்பம், எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றின் பக்கமே கருத்தைச் செலுத்துங்கள். சில வேளை இயந்திரம் உறைந்து நின்றாலும் அவ்வாறே பதிவாகும். பிழைக் குறியீடு ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக இருந்தால் நினைவகமாகிய ரேம் அட்டையை ஐயுறலாம். விண்டோஸிலேயே உள்ள ‘மெமரி டயக்னாஸ்டிக்’ என்னும் சோதனையை ஓரிரவு ஓடவிட்டால் பெரும்பாலும் உண்மை வெளிப்படும்.

வைரஸ் என்னும் தீநிரல்களும் இவ்வாறு செய்ததுண்டு. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பரவிய ‘பிளாஸ்டர்’ என்னும் தீநிரல், அறுபது வினாடிகளில் கணிப்பொறி மறுதொடக்கமாகும் என்னும் அறிவிப்பை உலகெங்கும் எண்ணற்ற திரைகளில் தோன்றச் செய்தது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கு முந்திய மாதமே வெளியிட்டிருந்தது! திருத்தங்களை அவ்வப்போது ஏற்றுக்கொள்வது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதுவே சான்று. அத்திருத்தங்களை நிறுவுவதற்காகவே விண்டோஸ் நள்ளிரவில் தானே மறுதொடக்கமாவதும் உண்டு, அது நோயன்று. நாம் வேலை செய்யும் நேரத்தை அதன் அமைப்புகளில் குறித்துவிட்டால் அந்நேரத்தில் தொல்லை தராது.

மடிக்கணினி வைத்திருப்போர்க்கு

மெத்தையின் மீதும் தலையணையின் மீதும் வைத்து வேலை செய்தால் அதன் அடியிலுள்ள காற்று வழி அடைபடும், வெப்பத்தால் அணையும். கெட்டியான பலகையொன்றின் மேல் வையுங்கள். மின்கலம் நூற்றுக்கு முப்பது என்று காட்டிக்கொண்டே திடீரெனச் சாய்ந்தால், அது முதுமையடைந்துவிட்டது என்று பொருள். அடிப்பகுதி உப்பியிருந்தாலோ, தட்டச்சுப் பலகை மேலே எழும்பியிருந்தாலோ, மின்கலம் வீங்கிவிட்டது. அதனை அழுத்தவோ குத்தவோ மின்னேற்றவோ செய்யாமல் உடனே அறிந்தவரிடம் கொண்டு செல்லுங்கள். அது தீப்பற்றக்கூடியது.

கடைக்குச் செல்லும்போது

ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்யவேண்டும் என்பது இவ்வாராய்ச்சியின் பொன்விதி. தூசியையும் தட்டி, யு.பி.எஸ்.ஸையும் மாற்றி, மென்பொருளையும் புதிதாக நிறுவினால், குணமானாலும் எதனால் குணமாயிற்று என்று தெரியாது; நோய் திரும்பினால் மீண்டும் இருட்டிலேயே நிற்போம்.

நம்மால் இயலாதபோது கடைக்குச் செல்வதில் தவறில்லை. ஆனால் “அடிக்கடி அணைகிறது” என்று மட்டும் சொல்லாமல், குறிப்பேட்டைக் காட்டுங்கள். “பதினோரு முறை அணைந்தது, ஒன்பது முறை தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கியபோது” என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் நேர்மையான தொழிலாளி மகிழ்ந்து விரைவில் வேலையை முடிப்பார். மற்றவர், தேவையற்ற உறுப்பை மாற்றச் சொல்லத் தயங்குவார். மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நம் உரிமையே.

இந்த எளிய குறிப்பேட்டினால் வரும் நன்மை பணத்தோடு முடிவதில்லை. யார் மீது குற்றம் என்னும் பேச்சு ஓய்ந்து, எது காரணம் என்னும் ஆராய்ச்சி வீட்டில் தொடங்குகிறது. தந்தையும் மகனும் எதிரெதிரே நின்று வாதிடுவதை விட்டு, அருகருகே அமர்ந்து ஒரே தாளைப் பார்க்கின்றனர். விளையாட்டின்போதே அணைந்தது என்று தாள் காட்டினாலும், காரணம் விளையாட்டன்று, தகடுகளில் அடைந்த தூசி என்பதை இருவரும் சேர்ந்தே கண்டறிவர். கடிந்துகொள்வதற்குமுன் கவனிக்கவேண்டும் என்னும் பாடத்தைப் பிள்ளைகள் அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்து தாமே கற்றுக்கொள்வார்கள்.